பிலோமினாவின் பெயரில் நான் எழுதிய பதில்

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில், சிறு வியாபாரம் செய்யும் பெண்களுக்காக ஜோகூரிலுள்ள கூலாய் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. கைப்பேசி வழியாகப் பொருள் விற்பதுதான் பாடம். தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். "நீங்கள் நீங்களாகவே இருங்கள், வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள்" என்று சொல்லி முடித்தேன். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினார்.

"டீச்சர், எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நாம நாமளாவே இருக்கிறதுன்னா என்னா செய்யணும்? அத யாரும் சொல்ல மாட்றாங்களே."

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் கேள்விகளுக்குப் பதில் சொன்ன நான் அன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த, நேரலையில் சேலை விற்கும் பிலோமினாவைப் பார்த்தேன். அவர் ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எனக்கும் தெரியாதும்மா. வேற ஆளா இருந்து பாத்தேன், ரெண்டு நாளுக்கு மேல தாங்கல. அலமாக், அம்மாடி, எவ்ளோ வேலை அது!"

மண்டபமே சிரித்தது.

அந்தப் பிலோமினா இன்று இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய கணவர் அந்தோணி அழைத்தார். சிங்கப்பூருக்கு லாரி ஓட்டுபவர். அந்த நேரத்தில் எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டியவர். திரையில் பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "டீச்சர், பிலோ போய்ட்டா" என்றார். பிறகு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். அடுத்து என்ன பேசுவதென்று தெரியாத மனிதர், பாவம். "சாப்பிட்டேன்" என்று நானும் பொய் சொன்னேன்.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரிடம் சேலை வாங்கியவர்கள். 'செனாய் பிலோ அக்கா' என்றால் ஜோகூரில் பல வீடுகளுக்குத் தெரியும். நினைவஞ்சலியில் இறந்தவரின் நல்ல குணங்களைச் சொல்வது வழக்கம். அவற்றைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் சென்ற தீபாவளிக்குப் பிறகு உங்களில் சிலர் அவரைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தவறு என்னுடையது. அதைச் சொல்லாமல் இதை என்னால் முடிக்க முடியாது.

பிலோமினா எங்கள் தாமான் குடியிருப்பில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். செனாயில் ஒரு மின்னணு ஃபேக்டரியில் பதினேழு ஆண்டுகள் பரிசோதனை மேசையில் வேலை. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு மின்சுற்றுப் பலகையாகத் திருப்பிப் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சிறிய சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்ட வேண்டும். ஃபேக்டரி வேறு நாட்டுக்குப் போனபோது இவரைப் போன்றவர்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் சேலை விற்கத் தொடங்கினார்.

முதல் நேரலைக்கு என்ன பேசுவது என்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். பள்ளி ஆண்டு விழாவுக்கு எழுதுவதுபோல, "அனைவருக்கும் எனது பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நான்காவது வரியைப் படிக்கும்போது வாசலில் சமையல் கேஸ் தோம்பு கொண்டுவரும் லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். பிலோமினா தாளைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, நாளைக்கு வாங்கண்ணே! இங்க லைவ் ஓடுது, என் மானம் போவுது!" என்று கத்தினார். பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் சிரிப்புப் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். அவரும் சிரித்தார். பிறகு அந்தத் தாளை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து எனக்குக் கிடைத்த வேலை, கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து எந்தச் சேலையை யார் முதலில் கேட்டார்கள் என்று குறித்துக்கொள்வது.

அவர் விற்கும் முறையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மற்றவர்கள் முந்தானையை விரித்து அழகு காட்டுவார்கள். இவர் சேலையின் பின்பக்கத்தைத்தான் முதலில் காட்டுவார். குழல்விளக்குக்கு நேரே பிடித்து, நூல் அறுந்த இடம், சாயம் ஏறாத இடம், ஜரிகை தூக்கிக்கொண்டு நிற்கும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே சிவப்பு அம்புக்குறியை ஒட்டுவார். "இங்க பாருங்க, இது ஒரு சின்ன போக்கிரி. கட்டுனா மடிப்புக்குள்ள போயிரும். ஆனா இருக்கு." பழுது எதுவும் கண்ணில் படாவிட்டாலும், சேலை சுத்தம் என்று சொல்ல மாட்டார். "நான் பாத்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. கைக்கு வந்ததும் நீங்களும் ஒரு தடவ வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துக்குங்க" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

"இப்படிச் சொன்னா யாரும்மா வாங்குவா?" என்று ஆரம்பத்தில் கேட்டேன். அவர் சொன்னது: "குறைய நான் சொன்னா அது தகவலு டீச்சர். அவங்களே கண்டுபிடிச்சா அது ஏமாத்து."

இடையில் ஒரு சமயம் அவருக்கும் ஆசை வந்தது. தமிழ்நாட்டில் பெயர்பெற்ற ஒரு விற்பனைக்காரியைப் பார்த்து, அதேபோல் கண்ணைச் சுழற்றி, "வாங்க செல்லங்களா" என்று பேசிப் பார்த்தார். முகத்தை வெளுப்பாக்கும் வித்தையையும் கைப்பேசியில் போட்டுக்கொண்டார். கோத்தா திங்கியிலிருந்து லெட்சுமி என்ற வாடிக்கையாளர், "அக்கா, காய்ச்சலா? யார் மாதிரியோ பேசுறீங்க" என்று கமெண்ட் போட்டார். இன்னொருவர், "ஊருக்குப் போய்ட்டு வந்துட்டாங்க லா, இனிமே நம்மகிட்ட பேச மாட்டாங்க" என்றார். மறுநாள் பிலோமினா எண்ணெய் வழியும் சொந்த முகத்தோடு வந்து, "சரி, போதும். சிரிப்பு வந்தா சிரிப்பேன், வரலன்னா சேலைய மட்டும் காட்டுவேன்" என்றார். கூலாய் வகுப்பில் அவர் சொன்ன அந்த இரண்டு நாள் இதுதான்.

இந்த லெட்சுமியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு நடுவில் பிலோமினாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் முடி கொட்டியது. ஜோகூர் பாருவில் ஒரு பொய்முடி வாங்கி வைத்துக்கொண்டு நேரலைக்கு உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கும் அந்தோணிக்கும் கட்டளை. எனக்கு அது உறுத்தியது. ஜரிகையில் ஒரு நூல் தூக்கியிருந்தால்கூட அம்புக்குறி ஒட்டுகிறவர், தன்னைப் பற்றிய இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்கலாமா என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஹால காட்டுறோம். பெட்ரூம காட்டுறோமா? அதனால நம்ம வீடு பொய் வீடா டீச்சர்? சேலையப் பத்தி அவங்க என்னா கேட்டாலும் சொல்றேன். என் ஒடம்பு அவங்க வாங்குற சாமான் இல்ல. சொன்னேன்னு வைங்க, பாவம்னு வாங்குவாங்க. எனக்கு அது வேணாம்."

ஓய்வு பெற்ற பிறகு நான் படித்த பெரிய பாடம் இது. கேமரா முன்னால் உண்மையாக இருப்பது என்றால் எல்லாவற்றையும் திறந்து போடுவது என்று நான் நினைத்திருந்தேன். சொல்வது அத்தனையும் உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் எதைச் சொல்வது என்பது நம் கையில் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த உரிமை ஒன்றைத்தான் நோய் அவரிடமிருந்து பிடுங்காமல் விட்டு வைத்திருந்தது. அதை நான் பிடுங்கினேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது காய்ச்சல் கண்டு ஜோகூர் பாருவில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். போகும்போது தன் கைப்பேசியையும் அதன் கடவுச்சொல்லையும் என்னிடம் தந்து, "பேஜ்ல 'அக்கா கொஞ்ச நாள் லீவு'ன்னு மட்டும் போட்ருங்க டீச்சர்" என்றார்.

நான் போடவில்லை. வீட்டு ஹாலில் சேலைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பண்டிகை முடிந்தால் அவற்றை யார் கேட்பார்கள்? நேரலைக்கு முன் அவர் ஒவ்வொரு சேலையையும் தோளில் போட்டு ஒத்திகைபோலப் பதிவு செய்து வைத்துக்கொள்வார். நிறம் கேமராவில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக. விளக்குக்கு முன் பிடித்துச் சோதிப்பது அதற்குப் பிறகுதான். அந்தப் பதிவுகளை எடுத்து நான் ஒவ்வொன்றாக அவருடைய விற்பனைப் பக்கத்தில் ஏற்றினேன். கேள்விகள் வந்தன. பிலோமினா பேசுவதுபோல நானே பதில் எழுதினேன்.

பள்ளியில், அப்பா எழுதித் தந்த கட்டுரையைத் தன்னுடையது என்று நீட்டும் பிள்ளையை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். "இது நீ எழுதியது இல்லையே" என்பேன். பிள்ளை தலையைக் குனியும். எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருப்பேன்! அறுபத்து நான்கு வயதில் அதே வேலையை நானே செய்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த அப்பாக்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

லெட்சுமி தன் மகளின் பரிசத்துக்கு ஒரு மெரூன் பட்டுச் சேலை பார்த்தார். "அக்கா, இதுல எங்கயாச்சும் நூலு போயிருக்கா?" என்று கேட்டார். நான் சேலையை எடுத்து விரித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை நீக்கிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இதில் ஒரு பழுதும் கிடையாது. தைரியமாக வாங்கலாம்" என்று பிலோமினாவின் பெயரில் எழுதி, சேலையைக் கூரியரில் அனுப்பினேன்.

பரிசத்தன்று காலை பெண்ணுக்குச் சேலை கட்டும்போதுதான் பார்த்திருக்கிறார்கள். மார்பில் வரும் மடிப்புக்கு நேராக, ஒரு சாண் நீளத்துக்கு நூல் விட்டுப்போயிருந்தது. பெண் வேறொரு பழைய சேலையில் மணையில் உட்கார்ந்தாள். மறுநாள் லெட்சுமி பக்கத்தில் எழுதினார்: "சேலை போனது போகட்டும். அக்கா ஒரு நாளும் பழுதே இல்லன்னு சொன்னது கிடையாது. இது அக்கா இல்ல. யாரு நீங்க?"

அதன் கீழே மளமளவென்று கமெண்டுகள் வந்தன. பக்கத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்றார்கள். அக்காவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, ஆள் வைத்துப் பேசுகிறார் என்றார்கள். நாலு பேரைப்போல் அவரும் ஏமாற்றத் தொடங்கிவிட்டார் என்றார்கள். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு சேலையாகத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சேர்த்த பெயர், ஒரே பகலில் போனது. எல்லாவற்றையும் பிலோமினா மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அந்தோணியின் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தார்.

பார்வையாளர் நேரத்தில் போனேன். கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கதானே டீச்சர்?"

"ஆமாம்மா."

"செக் பண்ணிங்களா?"

"பாத்தேன் பிலோ. என் கண்ணுக்குத் தெரியல."

"அப்ப 'என் கண்ணுக்குத் தெரியல'ன்னு போட்ருக்கலாமே."

"சீசன் போயிருமேன்னுதான்..." என்று இழுத்தேன்.

"சீசன் அடுத்த வருசமும் வரும்" என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டைப் பற்றி மருத்துவர் சொல்லியிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான்தான் எழுதினேன் என்று பக்கத்தில் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் யோசித்தார். "டீச்சர் எழுதுனாங்கன்னா, அக்கா எங்கன்னு கேப்பாங்க. எங்கன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. எப்படியும் அங்கதான் வந்து நிக்கும். சொல்றதுன்னா நானே சொல்லிக்கிறேன். உங்க பேரு வேணாம். பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவங்க நீங்க."

அப்போது எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன். "இல்லை, என் பெயரைச் சொல்" என்று நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். வற்புறுத்தவில்லை.

வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிலோமினா கேமரா முன் உட்கார்ந்தார். பொய்முடி இல்லை, துணியும் கட்டவில்லை. வேண்டாமே என்று அந்தோணி கெஞ்சினார். "பாதி சொன்னா மீதிக் கதைய அவங்களே கட்டிக்குவாங்க" என்றார் பிலோமினா. நான் வழக்கம்போல் கேமராவுக்குப் பின்னால்.

"வணக்கம். நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். கேன்சர். மெரூன் சேலைக்கு என் பேர்ல ஒரு பதில் போச்சு. என் பேர்ல போனா அது என் தப்புதான். லெட்சுமி அக்கா, பரிசம்ங்கிறது ஒரு நாளு. அத நான் திருப்பித் தர முடியாது. மன்னிச்சிருங்க."

பலர் அழுத முகங்களைப் போட்டார்கள். நடுவில் ஒரு வரி வந்தது. அதை நான் மறைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். துணியில் பழுது தேடும் அதே நிதானத்தோடு ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். "மொட்டத் தலைய காட்டி சேலை விக்கிறாங்க." முகம் மாறவில்லை. கை மட்டும் மடியில் ஒருமுறை மூடித் திறந்தது. "இன்னைக்கு ஒண்ணும் விக்கல. எல்லாரும் வீட்டு வேலையப் பாருங்க" என்று சொல்லி நேரலையை நிறுத்தினார். அதுதான் அவருடைய கடைசி நேரலை.

அந்த வாரம், எந்தப் பண்டிகைக்கும் வராத அளவுக்கு ஆர்டர்கள் வந்து குவிந்தன. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவர் எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். "இது சேலைக்கு வந்தது இல்ல டீச்சர். எனக்கு வந்தது. நான் விக்கிற சாமான் இல்ல." கேட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி மறுத்து எழுதினார். ஊசி குத்தி வீங்கிய கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார். தாருங்கள், நான் எழுதுகிறேன் என்று கைநீட்டினேன். கைப்பேசியை என்னிடம் தரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் தரவில்லை. அதன் பிறகும் நான் தினம் போனேன், கஞ்சி கொடுத்தேன், நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் அந்தக் கைப்பேசி எப்போதும் அவர் தலையணைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

தேவாலயத்தில் நல்லடக்கத் திருப்பலி நடந்த அன்று, லெட்சுமி கோத்தா திங்கியிலிருந்து மகளோடு வந்திருந்தார். வெளியே வெயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"டீச்சர், அக்கா எனக்குப் போன் போட்டு மன்னிப்பு கேட்டாங்க. அத எழுதுனது யாருன்னு ரெண்டு தடவ கேட்டேன். 'விடுங்கக்கா, நல்ல மனுசி'ன்னு மட்டும் சொன்னாங்க. நான் அன்னைக்கு அப்படிக் கேக்காம இருந்திருந்தா, அக்கா அந்தத் தலையோட வந்து உக்காந்திருக்க மாட்டாங்கல்ல? என்னாலதானே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். கூட்டம் நகர்ந்தது. சொல்ல வேண்டியதை அன்றும் நான் சொல்லவில்லை.

லெட்சுமி, உங்களால் இல்லை. அதை எழுதியது நான். பிலோமினா உங்களை ஏமாற்றவில்லை. உங்கள் மகளின் நாளைக் கெடுத்ததும், அவரைத் தலையைத் திறந்து காட்ட வைத்ததும் என் கை. பக்கத்திலும் நேரலையிலும் அவரைத் திட்டிய மற்றவர்களும் அந்தத் திட்டை என் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஹாலில் இன்னும் சேலைகள் இருக்கின்றன. பக்கத்தைப் பிலோமினாவின் பெயரிலேயே நடத்தும்படி அந்தோணி கேட்டார். முடியாது என்றேன். பக்கத்தை மூடிவிட்டோம். பிலோமினாவின் சேலை எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் என்னிடம் இருக்கிறது: 'என் கண்ணுக்குத் தெரியல'ன்னு போட்ருக்கலாமே. எதையாவது உறுதியாகச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அது என்னை நிறுத்துகிறது. இனி எஞ்சிய நாளுக்கு எனக்கு அது போதும்.

கைப்பேசியில் பொருள் விற்கும் உங்களுக்கு ஒன்று. இன்று உங்கள் பக்கத்தைத் திறந்து, உங்கள் பெயரில் வேறொருவர் எழுதிய பதில் ஒன்றைத் தேடி எடுங்கள். அதன் கீழே, எழுதியவரின் பெயரை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள்.